நாவலில் ஒரு பெண் நடக்கும் தெருக்களை வரைபடத்தில் ஏற்றுவது எப்படி

நாவலில் வரும் நகரத்தைப் பெண்களின் பக்கமிருந்து எழுத உட்காருகிறவர்கள் பலரும் தெருப்பெயர்களை அலங்காரமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். எங்கே போனாள் என்பதைவிட எங்கே நின்றாள், ஏன் திரும்பினாள் என்பதில்தான் சரக்கு இருக்கிறது. பழகிக்கொள்ளத் தோதான நூல் வர்ஜீனியா வுல்ஃபின் ‘மிசஸ் டாலவே’ (1925). கதை நடப்பது 1923 ஜூனில் ஒரே நாள், லண்டனில். வுல்ஃப் 1941இல் இறந்துவிட்டதால் இந்தியாவில் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். இரண்டாவதில் ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள்: இடம், மணி, நடையா பஸ்ஸா, கிளம்பச் சொன்ன காரணம், செலவு, யார் கண் வழியாக அவளைப் பார்க்கிறோம். நாவலில் அத்தியாய எண்கள் கிடையாது. மணியோசை கேட்கும் இடங்களை அடையாளமாக வைத்துக்கொண்டால் பிறகு தேடுவது சுலபம்.

வரைபடத்துக்கு இன்றைய கூகுள் மேப் மட்டும் போதாது. கதாநாயகியின் மகள் எலிசபெத்துக்குப் பாடம் சொல்லும் மிஸ் கில்மன் டீ குடிக்கும் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் என்ற கடை இன்று அந்தப் பெயரில் இல்லை. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டிஷ் அரசின் நில அளவைத் துறை) வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். பிக்கடில்லியின் ஹாட்சர்ட்ஸ் புத்தகக் கடை நிஜம். மல்பெரி பூக்கடை கற்பனை. அதற்குக் கதவு எண் தேடிப் பொழுதை வீணாக்காமல் பாண்ட் தெருவில் பொதுவாக ஒரு புள்ளி வையுங்கள்.

இப்போது கதாநாயகி கிளாரிஸ்ஸா டாலவேயின் கோடு. வெஸ்ட்மின்ஸ்டர் வீடு, விக்டோரியா தெரு, செயின்ட் ஜேம்ஸ் பூங்கா, பிக்கடில்லி, பாண்ட் தெரு: சுமார் 2 கிலோமீட்டர். காரணக் கட்டத்தில் ‘பூ வாங்க’ என்று எழுதுங்கள். வீடு திரும்பும் வழியை நாவல் சொல்வதில்லை. பூக்கடையை விட்டுத் தெருவுக்கு வந்தவளை அடுத்து வீட்டு வாசலில்தான் பார்க்கிறோம். அங்கே நீங்களாகக் கோடு இழுத்துவிடாதீர்கள், புள்ளிக்கோடு போதும்.

ஒருகாலத்தில் கிளாரிஸ்ஸாவைக் காதலித்து, இப்போது இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பீட்டர் வால்ஷுக்கும் இதே தாளை நிரப்பிப் பாருங்கள். கிளாரிஸ்ஸாவின் வீட்டிலிருந்து வெளியேறியபின் அவர் ஊர் சுற்றக் காரணமே தேவைப்படவில்லை. அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கும். ஆனால் வுல்ஃபே 1927இல் எழுதிய ஒரு கட்டுரையில் மாலையில் லண்டனைச் சுற்றிவர அவருக்கு ஒரு பென்சில் வாங்கும் சாக்கு வேண்டியிருக்கிறது. டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண்ணைப் பீட்டர் பின்தொடரும் பகுதியில் தவறு சுலபமாக நேரும். அவளைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அவர் மனதில் ஓடுவதுதான். அவள் வழியைப் பென்சிலால் மெலிதாக வரைந்து, பக்கத்தில் ‘பீ’ (பீட்டரின் பார்வை) என்று போடுங்கள். அதைப் பெண்ணின் அனுபவம் என்று கணக்கில் சேர்த்தால் கட்டுரை அங்கேயே சாய்ந்துவிடும்.

அதிகநேரம் செலவிட வேண்டியது கிளாரிஸ்ஸாவின் மகள் எலிசபெத்திடம். பதினேழு வயது, பஸ்ஸின் மேல்தட்டு, ஸ்ட்ராண்ட் வரை போக இன்னொரு பென்னி. அந்த ஒரு பென்னியைச் செலவுக் கட்டத்தில் மறக்காமல் ஏற்றுங்கள். விக்டோரியா தெருவுக்கு அப்பால் ஒரு புது லண்டன் அதனால்தான் திறக்கிறது. சான்சரி லேனில் இறங்கி, செயின்ட் பால்ஸ் பக்கமாகக் கொஞ்சம் நடந்து, சந்துகளுக்குள் நுழையாமல் திரும்பிவிடுகிறாள். அது எங்கே, எந்த நினைப்பில் என்று சிவப்பில் குறியுங்கள். டாக்டராகலாமா, நாடாளுமன்றம் போகலாமா என்று அங்கே யோசிக்கிறாள். பிரிட்டனின் 1919 சட்டம் பெண்களுக்குத் தொழில்களின் கதவைத் திறந்திருந்தது. ஆனால் 1918இல் ஓட்டுரிமை பெற்றவர்கள் 30 வயதான, சொத்துத் தகுதியுள்ள பெண்கள்தான். ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் ஓட்டு வந்தது 1928இல். இந்த ஆண்டுகளைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தால், அவள் ஆசையை வெறும் பகல்கனவு என்று தள்ளமாட்டீர்கள்.

எல்லாக் கோடுகளையும் ஒரே நிறத்தில் போட்டால் ‘லண்டன் பெண்’ என்று இல்லாத ஒருத்தி உருவாகிவிடுவாள். கிளாரிஸ்ஸா காலாற நடக்கும்போது வீட்டு வேலையைப் பணிப்பெண் லூசி பார்க்கிறாள். ரீஜன்ட்ஸ் பூங்காவில் மனநிலை குலைந்த கணவனோடு இருக்கும் இத்தாலியப் பெண் ரெஸியாவுக்குத் தனித்தாள் வேண்டும்.

கை பழகியபின் ஜீன் ரிஸின் ‘குட் மார்னிங், மிட்நைட்’ (1939) எடுக்கலாம். அங்கே பாரிஸ். கதாநாயகி சாஷா எந்தக் கஃபேக்குள் நுழையக்கூடாது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் வெளியே இறங்குகிறாள். அதனால் ‘தவிர்க்கும் இடங்கள்’ என்று ஏழாவதாக ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.