பழைய மீன் தொட்டியை ஆமைத் தொட்டியாக மாற்றும் முறை

மீன்கள் இல்லாமல் மூலையில் கிடக்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்க்கும் பலருக்கும் அதில் ஓர் ஆமையை வளர்த்தால் என்ன என்று தோன்றுகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தத் தொட்டி தண்ணீரைத் தேக்கி வைப்பதற்காக மட்டுமே செய்யப்பட்டது. நீர் ஆமைக்கோ, நினைத்த போது மேலேறி ஓடு முழுவதும் காயும்படி படுத்துக் கிடக்கச் சூடான ஒரு மேடும் வேண்டும். ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது.

எந்த ஆமை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக விற்கப்படும் செங்காது ஆமையின் பெண் 25 முதல் 30 செ.மீ. வரை வளரக்கூடியது. ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 கேலன், அதாவது ஏறத்தாழ 38 லிட்டர் கொள்ளளவு வேண்டும் என்பது வளர்ப்பவர்களிடையே வழங்கும் கணக்கு. அதன்படி பார்த்தால் வீட்டில் உள்ள எந்தச் சாதாரணத் தொட்டியும் அதற்குப் போதாது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது மஸ்க் (கஸ்தூரி) ஆமை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த இது வளர்ந்த பிறகும் பெரும்பாலும் 8 முதல் 13 செ.மீ. நீளத்துக்குள் நின்றுவிடும், நீந்துவதைவிட அடித்தரையில் நடப்பதையே விரும்பும், மிரண்டால் துர்நாற்றம் வீசும் ஒரு திரவத்தைக் கசிய விடும் என்பதால்தான் அந்தப் பெயர். முப்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் என்பதை யோசித்துவிட்டு இறங்குங்கள். எந்த ஆமைகளை வளர்க்கலாம் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் செங்காது ஆமையை 2016-இல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, வளர்ப்பில் பிறந்த குட்டி ஒன்றை மட்டும் வாங்குங்கள். குளத்தில் பிடித்ததை வளர்க்கவோ, வளர்த்ததைக் குளத்தில் விடவோ கூடாது.

இந்த ஆமை ஒன்றுக்கு 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி வசதியாக இருக்கும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். அதில் 25 செ.மீ. தண்ணீர் நிரப்பினாலே ஏறத்தாழ 100 லிட்டர், அதாவது 100 கிலோ எடை ஏறிவிடும் என்பதால், தாங்கும் மேசையை முதலிலேயே தேர்ந்துகொண்டு, மட்டம் பார்த்து வைக்க வேண்டும். உள்ளே படிந்திருக்கும் வெள்ளை உப்புக்கறையை வினிகரில் நனைத்த துணியை அரைமணி நேரம் ஒட்டி வைத்துத் துடைத்தால் போய்விடும், சோப்பு வேண்டாம். பிறகு நான்கு மூலைகளிலும் உள்ள சிலிகான் ஓரத்தை விரல் நகத்தால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். அது ரப்பர் போல வளைந்து மீண்டால் நல்லது. தோல் போல உரிந்து வந்தால், உள் ஓரம் முழுவதையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். பழைய சிலிகான்மேல் புதியது சரியாக ஒட்டாது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிகானை வாங்கி, பூசியபின் அதன் புளித்த வாடை முற்றிலும் அடங்கும்வரை விட்டுவிடவும். எப்படியிருந்தாலும் காய்ந்த செய்தித்தாளை அடியில் விரித்து, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் முழுவதும் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது மேடு. கனமான மரக்கட்டை, தட்டைக் கற்களைச் சிலிகானால் ஒட்டிய திட்டு, தொட்டியின் விளிம்பில் பொருத்தும் பலகை என எதுவாகவும் இருக்கலாம். ஆமை முழு உடலோடு ஏறித் திரும்ப இடம் வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து சொரசொரப்பான சரிவு ஒன்று மேலே செல்ல வேண்டும். அடியில் ஆமை தலையை நுழைத்துச் சிக்கிக்கொள்ளும் இடுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. நீரில் வாழும் ஆமையும் முக்கியமாக நுரையீரலால்தான் சுவாசிக்கிறது; இடுக்கில் மாட்டிக்கொண்டால் மூழ்கி இறந்துபோகும். மேட்டுக்கும் தொட்டியின் மேல் விளிம்புக்கும் இடையே ஓட்டின் நீளத்தைவிட அதிக உயரம் விடவும். ஃபில்டர் குழாயைப் பிடித்து ஏறி வெளியே விழுந்த ஆமைகள் நிறைய. குட்டியாக இருக்கும்போது, அது தரையில் நின்றபடி கழுத்தை நீட்டினால் மூக்கு மேலே வரும் அளவுக்கே தண்ணீர் வைத்து, வளர வளர உயர்த்தலாம்.

மேட்டின்மேல் இரண்டு விளக்குகள் வேண்டும். ஒன்று சூட்டுக்கு: சாதாரண ஹாலஜன் பல்பு போதும், பல்பின் வாட்டை நம்பாமல், வெப்பமானியை மேட்டின்மேல் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது 30 முதல் 33 டிகிரி செல்சியஸ் காட்டும்படி உயரத்தை மாற்றிக்கொள்ளவும். மற்றொன்று புற ஊதா-பி கதிர் தரும் குழல்விளக்கு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்து எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். இல்லாவிட்டால் ஓடு மெத்தென்றாகிவிடும். இந்த இடத்தில்தான் நானே சறுக்கினேன். மீன் தொட்டியோடு வந்த கண்ணாடி மூடியை அப்படியே போட்டு, அதன்மேல் விளக்கை வைத்திருந்தேன். வெளிச்சம் பளிச்சென்று உள்ளே விழுந்ததால் சந்தேகமே வரவில்லை. ஆனால் சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும் என்பதைச் சில மாதம் கழித்து, ஓட்டின் ஓரத்தை விரலால் அழுத்தியபோது அது லேசாக அமுங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். கண்ணாடி மூடியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கம்பிவலை மூடி போடுங்கள். வலையும் ஓரளவு கதிரைக் குறைக்கும் என்பதால், விளக்கின் பெட்டியில் குறித்துள்ள தூரத்தைப் பார்த்து வைக்கவும். கண்ணுக்கு வெளிச்சம் குறையாமல் இருக்கும்போதே கதிர் குறைந்துகொண்டு வரும். ஆகவே குழலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். இரண்டு விளக்குகளையும் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரியவிடலாம். மஸ்க் ஆமை அரிதாகவே மேலேறுவதைக் கண்டு, மேடும் விளக்கும் வீண் என்று எடுத்துவிடுபவர்கள் உண்டு, அது தவறு.

ஆமை உண்ணும் அளவும் கழியும் அளவும் மீனைவிட மிக அதிகம். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு, மூன்று மடங்கு தண்ணீருக்கென்று குறிக்கப்பட்ட ஃபில்டரை வாங்குவதே நல்லது. கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரின் பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு மீன் தொட்டியிலிருந்து ஈரம் காயாத பஞ்சை எடுத்துப் போட்டால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அந்தப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் எல்லாம் செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவும். வாரம் ஒரு முறை கால்பங்கு முதல் பாதிவரை தண்ணீரை மாற்றி, புதிய தண்ணீரில் குளோரினை நீக்கும் திரவத்தைக் கலக்கவும்.

தரைக்கு ஒன்றும் போடாமல் விடலாம், அல்லது நுண்ணிய மணல் போடலாம். மீனுக்குப் போட்டிருந்த சரளைக்கல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆமை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் 24 முதல் 26 டிகிரியில் நிற்காவிட்டால் ஹீட்டர் வேண்டும். அதன் கண்ணாடியை ஆமை மோதி உடைக்காதபடி பிளாஸ்டிக் கூடு மாட்டவும். விளக்குகளைக் கிளிப்பை மட்டும் நம்பி விடாமல் சங்கிலியாலும் கட்டவும். எல்லா மின்கம்பிகளும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறினால், கம்பி வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவுத் தடுப்பான் உள்ள இணைப்பில்தான் அவற்றைச் சொருக வேண்டும்.

ஆமையின் உடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை வளர்ப்புக்காக விற்க அமெரிக்கா 1975-இல் தடை விதித்ததும் அந்தக் காரணத்துக்காகவே. தொட்டியைத் தொட்ட பிறகு சோப்பிட்டுக் கை கழுவவும். ஃபில்டரையும் கற்களையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொட விடாதீர்கள்.

எல்லாம் அமைத்த பின், ஆமை இல்லாமலேயே குறைந்தது ஒரு வாரம் விளக்கையும் ஹீட்டரையும் ஓட்டி, காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள். எண்கள் நிலையாக நின்று, மேலே சொன்ன பாக்டீரியாவும் ஃபில்டரில் குடியேறி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீர்ச் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகு ஆமையைக் கொண்டுவரலாம். முதல் சில நாள் அது மரக்கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தீனியைத் தொடாமலேயே இருக்கக்கூடும். கையில் எடுக்காமல், மிஞ்சிய தீனியை மட்டும் மாலையில் அள்ளிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுங்கள்.