வண்ணம் தொடும் முன் டம்மி: 32 பக்கப் படக்கதைக்கு

டம்மி என்பது புத்தகத்தின் கைமாதிரி. ஏ4 தாள் எட்டை அடுக்கி, நடுவே மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடியுங்கள். 32 பக்கம் வந்துவிடும். அச்சகத்தில் பக்கங்கள் 8, 16 என்ற கணக்கில்தான் விழும். 34 பக்கம் என்று கதையை இழுத்தால் வெற்றுத்தாளுக்கும் சேர்த்துக் காசு போகும்.

முதல் பக்கம் தலைப்பு. 2, 3 பதிப்புரிமைக்கும் சமர்ப்பணத்துக்கும். 4-5 தொடங்கி 30-31 வரை 14 ஸ்ப்ரெட் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கம் ஒரு ஸ்ப்ரெட்). 32ஆம் பக்கம் தனி; கடைசிச் சிரிப்புக்குத் தோதான இடம். கதையைத் துண்டுதுண்டாக வெட்டி இவற்றில் ஒட்டி, பென்சிலில் கிறுக்கிப் பாருங்கள். கேள்வி வலப்பக்க அடியில், விடை தாளைப் புரட்டியபின். விடை எதிர்ப்பக்கத்திலேயே இருந்தால் குழந்தையின் கண் முதலில் அங்கேதான் ஓடும், கதையின் குட்டு உடைந்துவிடும்.

கோழிக்குஞ்சின் முகத்தை நடு மடிப்பில் வைப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. தைத்தபின் அலகைக் காணோம்! முகம், கை, எழுத்து மூன்றையும் மடிப்பிலிருந்து இருபுறமும் ஒரு செ.மீ.யாவது தள்ளுங்கள். வெளி ஓரங்களில் படத்தை 3 மி.மீ. கூடுதலாக நீட்டி வரையுங்கள். அதை விட்டால், வெட்டுகத்தி இம்மி பிசகினாலும் வெள்ளைக் கோடு தெரியும்.

எழுத்துக்கான இடத்தை இப்போதே ஒதுக்குங்கள். சென்னையின் தூலிகா போல ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் கொண்டுவரும் பதிப்பகம் என்றால் இன்னும் தாராளமாக. ஆங்கிலத்தில் இரண்டு வரி, தமிழில் மூன்றாகும். அந்த இடம் வெளிர் நிறமாகவும், எழுத்து கறுப்பாகவும் இருக்கட்டும். மொழி மாறும்போது கறுப்பு மைக்கான பிளேட்டை (அச்சுத் தகட்டை) மட்டும் மாற்றினால் போதும். இருட்டுப் படத்தில் வெள்ளை எழுத்து என்றால் நான்கு நிற மைகளின் பிளேட்டையும் மாற்ற வேண்டும். பதிப்பாளர் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

வண்ணத்தை நடு ஸ்ப்ரெட்டில் தொடங்குவது நல்லது. கை பழகப் பழகப் பாத்திரத்தின் முகம் மெல்ல மாறும். அந்தத் தடுமாற்றம் முதல் பக்கத்தில் தெரியக்கூடாது. வாட்டர்கலருக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் வாங்குங்கள், மெலிந்த தாள் ஈரத்தில் சுருண்டு ஸ்கேனில் நிழல் விழும். ஸ்கேன் அதே அளவில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). பளீர் இளஞ்சிவப்பும் ஃப்ளோரசன்ட் பச்சையும் அச்சில் மங்கிவிடும், சோதனைப் பிரதி கேளுங்கள்.

பதிப்பகத்துக்குப் பென்சில் டம்மியும் வண்ணம் முடித்த இரண்டு ஸ்ப்ரெட்டும் போதும். அசலை அனுப்பாதீர்கள்.