தானாக உருவாகும் பிடிஎஃப் ஆவணங்கள்: பக்க அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மென்பொருள் ஆவணங்களை ஸ்ஃபிங்ஸில் (ஒரே மூல உரையிலிருந்து இணையப் பக்கமும் பிடிஎஃப்பும் உருவாக்கும் கருவி) எழுதும் குழுக்கள் பெரும்பாலும் இணையப் பக்கத்தை மட்டுமே பார்த்துப் பார்த்துச் சரிசெய்கின்றன. பிடிஎஃப் கடைசி நாளில் ஒரே கட்டளையில் உருவாகிறது. அப்போதுதான் அட்டவணை ஓரத்தைத் தாண்டி நிற்பதும், இடையில் வெற்றுப் பக்கங்கள் கிடப்பதும் கண்ணில் படும். உலாவி, திரையின் அகலத்துக்கு ஏற்ப வரிகளை மடித்துக்கொள்ளும். பிடிஎஃப்பை அச்சுக் கோப்பது லேடெக் என்ற மென்பொருள். அதற்குத் தாளின் அகலம் மாறாதது. அதனால் ஒன்றில் சரியாக வந்தது மற்றதிலும் வரும் என்று நம்ப முடியாது.

இதில் மிகவும் நேரத்தைத் தின்னும் தவறு, லேடெக்குக்காக ஸ்ஃபிங்ஸ் உருவாக்கும் டெக் கோப்பைத் திறந்து கையால் திருத்துவது. அந்த நேரத்துக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் அடுத்த முறை ஆவணத்தை உருவாக்கும்போது ஸ்ஃபிங்ஸ் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதிவிடும், திருத்தமெல்லாம் போய்விடும். திருத்தம் எதுவானாலும் மூல உரையிலோ கான்ஃப் டாட் பை அமைப்புக் கோப்பிலோதான் இருக்க வேண்டும்.

அடுத்தது, லேடெக் தன் எச்சரிக்கைகளை எழுதிவைக்கும் லாக் கோப்பைப் படிக்காமல் கண்ணால் தேடுவது. 'ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்' என்று தொடங்கும் எச்சரிக்கையில், வரி ஓரத்தை எத்தனை பாயிண்ட் தாண்டியது, டெக் கோப்பில் எந்த வரி என்பது வரை இருக்கும். ஒரு அங்குலத்துக்கு 72.27 பாயிண்ட். ஆகவே 0.8 பாயிண்ட் என்றால் விட்டுவிடலாம், யார் கண்ணுக்கும் தெரியாது. 43 பாயிண்ட் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர். அங்கே எழுத்து ஓரத்துக்கு வெளியே நிற்கிறது. லேடெக் முகவுரைப் பகுதியில் ஓவர்ஃபுல்ரூல் அளவை 5 பாயிண்ட் என்று வைத்தால், தாண்டிய வரிகளின் ஓரத்தில் கறுப்புக் கட்டை விழும். பக்கங்களைப் புரட்டினாலே போதும். வெளியிடும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

அதிகம் தாண்டுவது அட்டவணைகள்தான். நெடுவரிசை அகலங்களைச் சொல்லாமல் விட்டு, கருவியே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடுகிறோம். உதாரணமாக, மூன்று நெடுவரிசை: அமைப்பின் பெயர், இயல்பு மதிப்பு, விளக்கம். பெயர் நெடுவரிசையில் நாற்பது எழுத்துள்ள ஒரே சொல், நடுவில் இடைவெளி இல்லை. முறிக்க இடம் கிடைக்காமல் அந்தச் சொல் அடுத்த நெடுவரிசைக்குள் புகுந்துவிடும். டேபுலர்காலம்ஸ் என்ற கட்டளையை அட்டவணைக்கு மேலே வைத்து அகலங்களை நாமே கொடுத்துவிடுவதே நல்லது. அப்புறம், 30 வரிசைக்கு மேற்பட்ட அட்டவணையை ஸ்ஃபிங்ஸ் தானாகவே பல பக்கங்களுக்குப் பிரிக்கும் லாங்டேபிளாக மாற்றுகிறது. இருபத்தைந்து வரிசையாக இருந்து ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி விளக்கம் இருந்தால் அந்த உதவி கிடைக்காது. அட்டவணை பக்கத்தின் அடியில் வெட்டுப்பட்டு நிற்கும். அதற்கு லாங்டேபிள் வகுப்பை நீங்களே குறிப்பிட வேண்டும்.

நிரல் பகுதிகளில் நீண்ட வரிகள் தாமாக மடியும். ஆனால் இடைவெளியே இல்லாத நீண்ட சாவி மாதிரியானவை மடியாது. ஸ்ஃபிங்ஸின் லேடெக் அமைப்புகளில் ஒன்றான ஸ்ஃபிங்ஸ்செட்டப்பில் வெர்பேட்டிம்ஃபோர்ஸ்ராப்ஸ் அமைப்பை இயக்கினால் தீரும்.

தமிழ் ஆவணம் என்றால் ஒன்றை முதலிலேயே செய்தாக வேண்டும். பிடிஎஃப்பை உருவாக்க ஸ்ஃபிங்ஸ் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எஞ்சினான பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு உதவாது. எஞ்சினை ஸீலேடெக் என்று மாற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுங்கள். அப்போது ஸ்கிரிப்ட் தமிழ் என்பதையும் சேர்த்துக் கொடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கலாம். உரைக்கு எழுத்துரு கொடுத்துவிட்டு நிரல் பகுதியின் மோனோ (எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள) எழுத்துருவை மறப்பவர்களும் உண்டு. அந்த எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் தமிழில் எழுதிய கருத்துரைகள் வெறும் இடமாகவோ கட்டங்களாகவோ அச்சாகும், ஆனால் பிடிஎஃப் வெற்றிகரமாகவே உருவாகும். லாக்கில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று தேடிப் பாருங்கள். இந்தத் தேடலை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் கட்டாயமாக்குவது வாசகருக்கு நாம் காட்டும் மரியாதை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரி முறிவும் சிக்கல்தான். லேடெக்கை நிறுவப் பயன்படும் டெக் லைவ் தொகுப்பில் தமிழுக்கான சொல்முறிப்பு விதிகள் இருக்கின்றன. ஆவணத்தின் மொழி தமிழ் என்று லேடெக்குக்குத் தெரிந்தால்தான் அவை வேலை செய்யும்.

வெற்றுப் பக்கங்கள் பிழையல்ல. புத்தக வழக்கப்படி அத்தியாயம் வலப்பக்கத்தில் தொடங்குகிறது, அவ்வளவுதான். கூடுதல் வகுப்பு விருப்பங்களில் ஓப்பன்எனி, ஒன்சைட் இரண்டையும் கொடுத்தால் போய்விடும். தாள் அளவையும் பாருங்கள்: ஸ்ஃபிங்ஸ் எடுப்பது 215.9 × 279.4 மில்லிமீட்டர் லெட்டர் தாள், நம் ஊர் பிரிண்டரில் இருப்பது 210 × 297 ஏ4.

தலைப்பு ஒன்று பக்க அடியில் தனியாக நிற்கிறதா? உடனே அங்கே பக்க முறிவைத் திணிக்காதீர்கள். அடுத்த பதிப்பில் மேலே ஒரு பத்தி கூடினால் அதே முறிவு பாதிப் பக்கத்தை வெறுமையாக்கிவிடும். நீட்ஸ்பேஸ் கட்டளையில் ஐந்து வரி இடம் கேளுங்கள். இடம் இல்லாதபோது மட்டும் அது அடுத்த பக்கத்துக்குத் தள்ளும்.

படங்கள் இடம் மாறி அடுத்த பக்கத்துக்குப் போவது லேடெக்கின் வழக்கம். எழுதிய இடத்திலேயே நிற்க வேண்டுமென்றால் ஃபிகர் அலைன் அமைப்பில் பெரிய எச் எழுத்தைக் கொடுக்கலாம். பதிலுக்குச் சில பக்கங்களின் அடியில் இடம் காலியாக விடும். முழுத்திரைப் படம்பிடிப்புகளைத் தாளில் உரை நிற்கும் அகலத்துக்கு ஸ்ஃபிங்ஸே சுருக்கிவிடுவதால் உள்ளே இருக்கும் எழுத்து படிக்க முடியாத அளவுக்குக் குறுகும். தேவையான பகுதியை மட்டும் வெட்டி வையுங்கள்.