வருட இறுதி ஆராதனை: பன்னிரண்டு மணியிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

டிசம்பர் 31 இரவு தேவாலயத்தில் நடக்கும் வருட இறுதி ஆராதனையின் பொறுப்பு முதல் முறை என்னிடம் வந்தபோது, நிகழ்ச்சி நிரலை இரவு பத்தரை மணியில் ஆரம்பித்து வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். பாட்டு, ஜெபம், சாட்சி (கடவுளிடம் பெற்ற நன்மையை எழுந்து சொல்வது), செய்தி (பிரசங்கம்), அறிவிப்பு எல்லாமே தாளில் அழகாகத்தான் இருந்தன. புது வருஷம் பிறந்தபோது சபை என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? ஜனவரி மாத அறிவிப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே யாரோ வெடி போட்ட பிறகுதான் மணியைப் பார்த்தோம்.

அதற்குப் பிறகு மூன்று முறை செய்துவிட்டேன். ஞாயிறு ஆராதனை நடத்திப் பழகியவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால், பாட்டு தேர்ந்தெடுப்பது, வாசிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்வது பற்றியெல்லாம் விளக்கப்போவதில்லை.

படி 1: நள்ளிரவைத் தாண்டுவதா?

இதை நவம்பரிலேயே முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான மெதடிஸ்டுகள் 1740களில் இரவு விழிப்பு ஆராதனையைத் தொடங்கியபோது, பௌர்ணமியை ஒட்டி வரும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து மாதம் ஒருமுறை வைத்தார்கள். காரணம், வீட்டுக்கு நடந்து போக நிலா வெளிச்சம் வேண்டும். மக்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்று நாமும் முதலில் கேட்கவேண்டும். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் அதிகம் என்றால் மாலை ஏழு மணி ஆராதனையே போதும், அதில் ஒரு குறையும் இல்லை.

டிசம்பர் 31 ஞாயிறாக வந்தால் இன்னும் சிக்கல். 2023இல் அப்படி வந்தது, அடுத்து 2028இல் வரும். காலை ஆராதனை, இரவு ஆராதனை, விடிந்தால் புத்தாண்டு ஆராதனை. பாடகர் குழுவின் தொண்டை தாங்காது. இரவுக்கு வேறு ஆட்களைப் பிடித்து வையுங்கள்.

படி 2: கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் எழுதுங்கள்

தாளின் அடியில் 12:00 என்று எழுதி மேலே ஏறுங்கள். 11:50க்கு எல்லோரும் ஜெபத்துக்குப் போகவேண்டும், முழங்கால் போட முடிந்தவர்கள் போடட்டும். 11:58க்கு முழு அமைதி. இந்தப் பத்து நிமிடத்தை யாருக்கும், போதகருக்கும்கூட, கடன் கொடுக்காதீர்கள். அதற்கு மேலே 11:42க்குப் பாவ அறிக்கை, 11:22க்குச் செய்தி (இருபது நிமிடம், கண்டிப்பாக), 11:15க்குப் பாட்டும் காணிக்கையும், 11:10க்கு வருஷத்தில் மரித்தவர்களை நினைவுகூருதல், 10:45க்குச் சாட்சி, 10:40க்கு வேதாகமத்தின் சங்கீதம் 136. அதன் 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சபை பதில் சொல்லலாம், தூக்கம் கலைந்துவிடும். 10:30க்கு ஆரம்பப் பாட்டும் ஜெபமும்.

செய்திக்கும் பாவ அறிக்கைக்கும் நடுவில் ஐந்து சரணம் உள்ள ஒரு பாட்டைச் செருகி வையுங்கள். நேரம் இருந்தால் முழுவதும் பாடுவோம், இல்லையென்றால் ஒரு சரணம், அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடலாம். எத்தனை சரணம் என்று இசைக்கருவி வாசிப்பவருக்கு விரலால் காட்டினால் போதும். என்னை அதிகம் காப்பாற்றியது இந்தத் தந்திரம்தான்.

படி 3: சாட்சி நேரம்

நான் விழுந்த இடம் இது. "யாராவது சாட்சி சொல்ல விரும்பினால் வரலாம்" என்று மேடையிலிருந்து சொன்னேன். முதலில் யாரும் வரவில்லை. அப்புறம் ஒருவர் வந்தார், ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாகச் சொன்னார். அவர் ஜூலைக்கு வரும்போது பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். கண்ணீரோடு நன்றி சொல்லிக்கொண்டிருப்பவரை எப்படி நிறுத்துவது?

இப்போது செய்வது வேறு. இரண்டு வாரம் முன்பே மூன்று பேரைக் கேட்டு, ஆளுக்கு மூன்று நிமிடம் தருகிறேன், எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். அவர்கள் முடித்ததும், விரும்புகிற எல்லோரும் இருந்த இடத்திலிருந்தே ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். இந்த விதியை முதல் ஆள் பேசும் முன்பே அறிவித்துவிடவேண்டும், நடுவில் சொன்னால் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். மைக்கை யார் கையிலும் கொடுக்காதீர்கள். ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கைக்கு வந்த மைக் திரும்பி வராது.

படி 4: கடிகாரம்

ஆலயச் சுவர்க்கடிகாரம் நான்கு நிமிடம் பிந்தியிருந்ததை ஒரு வருஷம் கவனிக்கவில்லை. பாதிப் பேர் கைபேசியைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல, மீதிப் பேர் இன்னும் ஜெபத்தில். டிசம்பர் 31 மாலையே கடிகாரத்தைக் கைபேசி நேரத்துக்குச் சரிசெய்து, மேடையில் நிற்பவருக்குத் தெரிகிற மாதிரி பின்சுவரில் மாட்டிவிடுங்கள். முன்வரிசையில் ஒருவர் 10, 5, 0 என்று பெரிதாக எழுதிய அட்டைகளோடு இருக்கட்டும்.

திரையில் நொடிகளை எண்ணிக் காட்டும் யோசனை எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லோரும் திரையையே பார்க்கிறார்கள், ஜெபம் விளையாட்டு மைதானம் மாதிரி ஆகிவிடுகிறது. அதேபோல, கணக்குப் போட எக்செல் வசதிதான், ஆனால் அன்றிரவு கையில் இருக்கவேண்டியது பெரிய எழுத்தில் அச்சடித்த ஒற்றைத் தாள்.

படி 5: திருவிருந்து

அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்தை, வாழ்த்து முடிந்து 12:05க்குத் தொடங்கலாம். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு பந்திக்கு 12 பேர் முழங்கால் போட்டு, பந்திக்கு 2 நிமிடம் என்றால், 200 பேருக்கு 17 பந்தி, 34 நிமிடம். உங்கள் சபையில் ஒரு பந்திக்கு எவ்வளவு ஆகிறது என்று ஏதாவது ஒரு ஞாயிறு அளந்து பார்த்துவிடுங்கள். நீளமாகத் தெரிந்தால் இரண்டு வரிசையாக நின்று வாங்கலாம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர் கேட்டார்: "இந்த வருஷம் வீட்டில் இழப்பு நடந்தவர்கள் இந்த நன்றிப் பாட்டுகளுக்கு நடுவில் எங்கே உட்காருவது?" என்னிடம் பதில் இல்லை. மேலே உள்ள 11:10 நினைவுகூருதல் அதற்குப் பிறகு சேர்த்ததுதான். சங்கீதம் 90இலிருந்து சில வசனங்கள், வருஷத்தில் மரித்தவர்களின் பெயர்கள், ஒரு நிமிட அமைதி. குடும்பத்தாரிடம் முன்பே கேளுங்கள், பெயரை எப்படி உச்சரிப்பது என்பது உட்பட. பட்டியலை இரண்டு பேர் சரிபார்க்கவேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் முழுக்க அது வலிக்கும்.

இன்னொருவர் அறிவிப்புகளை எந்த நேரத்தில் வைப்பது என்று கேட்டிருந்தார். அச்சடித்து வாசலில் வைத்துவிடுகிறேன், போகும்போது எடுத்துக்கொள்கிறார்கள்.