இலவச மென்பொருள், கேம் பதிவிறக்கும் முன்: விண்டோஸ் கணினிக்கான செய்முறை

இப்போதைய திருட்டு நிரல்கள் கணினியைக் கெடுப்பதில்லை. ஓடிய சில நொடிகளில், பிரவுசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் (நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் சிறு ஃபைல்கள்) அள்ளி அனுப்பிவிட்டுத் தம்மையே அழித்துக்கொள்பவையும் உண்டு. அதனால் ஃபைலைத் திறப்பதற்கு முன் செய்வதுதான் காப்பு. வீடியோ பார்க்க உதவும் இலவச மென்பொருளான விஎல்சி பிளேயரை வைத்துப் பார்ப்போம்.

1. கூகுளில் பெயரைத் தேடினால் மேலே வருவது விளம்பரமாக இருக்கலாம். ‘ஸ்பான்சர்டு’ என்று இருந்தால் தொடாதீர்கள்; போலித் தளங்கள் காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றன. விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளின் பக்கத்தைத் திறந்தால், வலப்புறப் பெட்டியில் அதிகாரபூர்வத் தளத்தின் முகவரி இருக்கும். விஎல்சிக்கு அது வீடியோலேன் டாட் ஆர்க்.

2. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று போய் டிக் செய்யுங்கள் (விண்டோஸ் 11). இது இல்லாவிட்டால் ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்ற ஃபைல் வெறும் ‘பில்.பிடிஎஃப்’ ஆகத்தான் தெரியும்; ஆவணம் என்று நினைத்து ஓடும் நிரலைத் திறந்துவிடுவீர்கள்.

3. இறங்கிய ஃபைலில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ (ஃபைலை வெளியிட்டவர் யார் என்று காட்டும் மின்கையொப்பம்). விஎல்சி என்றால் அங்கே வீடியோலேன் பெயர் இருக்க வேண்டும். வேறு யாரோ பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள். கையொப்பமே இல்லாத நல்ல மென்பொருளும் உண்டு. கையொப்பம் இருந்தும் ஏமாற்றியதும் உண்டு. 2017-இல் கணினியைச் சுத்தம் செய்யும் சிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பில், நிறுவனத்துக்குள்ளேயே ஊடுருவி நச்சு நிரலைச் சேர்த்துவிட்டார்கள். கையொப்பம் சரியாகவே இருந்தது! ஆகவே அடுத்த படியையும் விடாதீர்கள்.

4. பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஃபைலை ஏற்றுங்கள் (650 எம்பி வரை ஏற்கும்). ஒன்றிரண்டு சிறிய ஆன்டிவைரஸ்கள் மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பத்துப் பதினைந்து காட்டினால் பேச்சே இல்லை, அழித்துவிடுங்கள். புத்தம் புதிய நச்சு நிரலுக்குச் சுழியம் காட்டுவதும் நடக்கும். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியவை மற்ற பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படும்.

5. நிறுவும்போது ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து, கூடவே ஒட்டிவரும் டூல்பார், ஆன்டிவைரஸ் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

கேம்களில்தான் ஆபத்து அதிகம். ‘கிராக்’ (காசு கொடுக்காமல் ஆட பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு) ஜிப்புக்கு பாஸ்வேர்டு போட்டு, அதைப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருப்பார்கள். பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் பார்க்க முடியாது, அதற்காகத்தான். ‘டிஃபெண்டரை (விண்டோஸுடன் வரும் ஆன்டிவைரஸ்) அணைத்துவிட்டு நிறுவுங்கள்’ என்ற வரி கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய கடை என்றாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது: 2025 பிப்ரவரியில் கேம் விற்கும் ஸ்டீம் தளத்திலேயே ‘பைரேட்ஃபை’ என்ற இலவச கேமில் நச்சு நிரல் இருந்து, நீக்கப்பட்டது.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? உடனே இணையத்தைத் துண்டியுங்கள். அதே கணினியில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். வேறொரு போனில் முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். திருடப்பட்ட குக்கி உயிரோடு இருந்தால், ஓடிபி கேட்காமலேயே உள்ளே வந்துவிடுவார்கள். கடைசியாக, படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.