ஊமலும் மீள்புதுப்பிக்கத்தக்க சக்திதான்: சக்திப் பொருளியல் ஆய்வுக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். இலங்கையில் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியின் பங்கு குறையக் குறைய நாட்டின் வருமானம் கூடுகிறது என்பது அவள் கண்ட முடிவு. சோதனைகள் எல்லாம் முறைப்படி செய்திருந்தாள். அட்டவணையில், முடிவு தற்செயலானதல்ல என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் மூன்று மூன்றாக நின்றன. அவளுக்கே அந்த முடிவு மனசுக்கு ஒட்டவில்லை. ஆனாலும் எண்கள் அப்படித்தான் வருகின்றன என்றாள்.

"உங்கட வீட்டில என்னத்தில சமைக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

"இப்ப காஸ், சேர். அம்மம்மா இருக்கும்வரைக்கும் விறகுதான்."

விடை அதிலேயே இருந்தது. அவள் பயன்படுத்தியது உலக வங்கியின் தரவுத் தொடர்: மொத்த இறுதிச் சக்தி நுகர்வில் மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியின் பங்கு. அந்த வரைவிலக்கணத்துக்குள் விறகும் அடங்கும். அம்மம்மா அடுப்பில் வைத்த பனைமட்டை, பொச்சு, ஊமல் என்ற காய்ந்த பனங்கொட்டை எல்லாமே அந்தக் கணக்கில் மீள்புதுப்பிக்கத்தக்க சக்திதான். வருமானம் கூடி வீடுகள் காஸுக்கு மாறினால் இந்தப் பங்கு விழும். அவள் அளந்தது காற்றாலையையும் சோலாரையும் அல்ல, குசினிகள் மாறிய கதையை.

2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். கிடைக்காமல் திரும்பிவந்து கொல்லையில் மறுபடி கல் வைத்து அடுப்பு மூட்டிய வீடுகள் எத்தனை. அந்தத் தரவுத் தொடரின்படி ஒவ்வொரு வீடும் அன்று மீள்புதுப்பிக்கத்தக்க சக்திக்கு மாறியிருந்தது. புகையில் கண் எரிய நின்ற பெண்களின் வருடம் கணக்கில் முன்னேற்றமாகப் பதிவாகலாம். இதைப் புரியாமல் ஒருவர் கொள்கைப் பரிந்துரை எழுதினால் அதன் பாரம் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கணிதத்தில் வருபவை அல்ல. ஒரு எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அதைச் சமன்பாட்டுக்குள் போடுவதால் வருபவை. மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

மழையையும் போரையும் மறந்துவிடுவது

மின்சாரத்தை மட்டும் எடுத்தால் விறகுச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். அப்புறம் நீர்மின் வந்து நிற்கும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் நிறையும், மின்சாரத்தில் மீள்புதுப்பிக்கத்தக்க பங்கு ஏறும். அதே மழையில் நெல்லும் விளையும், வருமானமும் ஏறும். மழைவீழ்ச்சியைச் சமன்பாட்டில் சேர்க்காதவர், மழை செய்த வேலைக்குச் சக்திக் கொள்கையைப் பாராட்டிக்கொண்டிருப்பார்.

சக்தி நுகர்வும் வருமானமும் எது எதற்குக் காரணம் என்ற கேள்வியைக் கிராஃப்ட் என்ற பெயருடைய இருவர் அமெரிக்கத் தரவை வைத்து 1978இல் எழுப்பினார்கள். அன்றிலிருந்து நாடு மாற்றி நாடு, வருடம் மாற்றி வருடம் இதே கட்டுரை எழுதப்பட்டு வருகிறது. முப்பது நாற்பது வருடாந்த அவதானங்களை வைத்து ஐந்தாறு மாறிகளை ஓடவிட்டு இன்னுமொன்றைச் சேர்ப்பதில் நான் பயன் காணவில்லை. இளம் ஆய்வாளர்களிடம் இதை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

எங்கள் வடபகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வீட்டலகு வருமான செலவின அளவீட்டை எடுத்து, "இலங்கை வீடுகளின் சக்திச் செலவு 1990 முதல்" என்று தலைப்பு வைக்கிறார்கள். 1990/91 முதல் 2006/07 வரை அந்த அளவீட்டில் வடக்கு இல்லை. 2009/10இல் யாழ்ப்பாணம் உள்ளே வந்தது. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு வரவில்லை. 25 மாவட்டங்களும் சேர்ந்தது 2012/13இல்தான். போர்க்காலத்தில் தேசிய மின்சாரம் துண்டிக்கப்பட்டு, ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்து, அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்தவர்கள் இந்தத் தரவில் எந்த வரியிலும் இல்லை. அவர்கள் இல்லாத சராசரியை "இலங்கை" என்று எழுதுவது புள்ளிவிபரப் பிழை. எனக்கு அது அதைவிடப் பெரிய பிழையாகவும் படுகிறது.

காசின் விலை

இனி நிதிப்பக்கம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

டீசல் இயந்திரத்தை வாங்குவது மலிவு; செலவு பின்னால் எண்ணெயாக வரும். சோலாரிலும் காற்றிலும் கிட்டத்தட்ட முழுச் செலவும் முதல் நாளே வந்துவிடும். எனவே இவற்றின் ஓர் அலகு (ஒரு கிலோவாட் மணி) மின்சாரம் என்ன விலை என்பதை வெயிலைவிட வட்டிதான் தீர்மானிக்கிறது. தாளை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோவாட் சோலார் பொருத்த 2 இலட்சம் ரூபா, வருடத்துக்கு 1,400 அலகு, ஆயுள் 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பராமரிப்பை இப்போதைக்கு விடுவோம். கழிவு வீதம், அதாவது பின்னால் வரும் காசை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரப் போடும் வட்டி, 4% என்றால் ஓர் அலகின் செலவு சுமார் 10.50 ரூபா. 8% என்றால் 14.55. 12% என்றால் 19.10. 16% என்றால் 24.10. அதே தகடு, அதே வெயில், அதே கூரை. வட்டி மட்டும் மாறியது, செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

இப்போது மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தைப் பாருங்கள். 2021 கடைசியில் 6%. 2022 யூலையில் 15.5%. ஐரோப்பியக் கட்டுரை ஒன்றிலிருந்து 5% கழிவு வீதத்தை அப்படியே இறக்கி, "யாழ்ப்பாணத்தில் சோலார் டீசலைவிட மலிவு" என்று எழுதும் ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன். முடிவு சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது எங்கள் ஊரைப் பற்றிய முடிவு அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எங்கள் வங்கி வட்டியைப் போட்டேன் என்று சிலர் 16 வீதத்தைப் போடுவார்கள். மின்கட்டணத்தை மட்டும் 20 வருடத்துக்கும் இன்றைய விலையிலேயே வைத்திருப்பார்கள். வட்டிக்குள் பணவீக்கம் இருக்கிறது, கட்டணத்துக்குள் இல்லை. இரண்டையும் பணவீக்கத்தோடு பெயரளவில் வையுங்கள், அல்லது இரண்டையும் அதைக் கழித்து மெய்யளவில் வையுங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8%. அந்த மாதத்தில் 15.5% வட்டி, மெய்யளவில் பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழே.

ஒப்பந்தங்களை வாசிக்கும்போதும் இதே கண் வேண்டும். 2016இல் சூரியபல சங்கிராமய திட்டம் வந்தபோது, கூரைச் சோலார்காரர் தேசிய மின் வலைப்பின்னலுக்கு விற்கும் ஓர் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15.50 ரூபா என்று நிர்ணயித்தார்கள். 20 வருடத்துக்கு நிச்சயமான வருமானம் என்று எல்லோரும் எழுதினோம். ரூபாவில் நிச்சயம்தான். அந்த 22 ரூபாவால் 2017இல் வாங்கிய மாவை 2023இல் வாங்க முடிந்ததா என்று எங்களில் பலர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டொலரில் எழுதிய ஒப்பந்தத்தில் இடர் இடம் மாறுகிறது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைக்கு அதானி நிறுவனத்துடன் பேசிய விலை அலகுக்கு 8.26 அமெரிக்க சதம். 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அந்த விலை நியாயமா இல்லையா என்ற வாதத்தை இங்கே விடுகிறேன். அந்த 8.26 சதத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு ரூபாவுக்கு மாற்றிப் பாருங்கள். டொலர் 200 ரூபா என்றால் அலகு 16.50 ரூபா, 360 ரூபா என்றால் 29.70. 2022இல் நாணயம் இந்த இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஒருசில மாதங்கள்தான் எடுத்தன. டொலர் விலை முதலீட்டாளருக்குப் பாதுகாப்பு, பாவனையாளருக்கு இடர். இரண்டு பக்கத்தையும் எழுதாத கட்டுரை அரைக் கட்டுரை.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் காசு. மூலதனச் செலவு என்றவுடன் வங்கி வட்டியை எடுத்துவிடுகிறோம். கொக்குவிலில் ஒரு வீட்டில் அக்கா ஒருவர் மின்பட்டியல்களை வருடவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். மேசையில் விரித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். சோலாருக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். காப்பு இரண்டு அடகில் இருந்தது. மிச்சம் கனடாவிலுள்ள தம்பி அனுப்பியது. வங்கிக் கடன் இல்லை. தம்பியின் காசுக்கு வட்டி இல்லைத்தான். ஆனால் கோடை விடுமுறைக்கு அவர் பிள்ளைகளோடு வந்து நிற்கும் ஐந்து கிழமையும் இரண்டு அறையில் ஏசி ஓட வேண்டும் என்று பார்த்து, தேவைக்கு மேல் பெரிய தொகுதியாகப் போட்டிருந்தார்கள். வங்கி வட்டியை வைத்து எழுதிய எந்த மாதிரியும் அந்தக் கூரையின் அளவை விளக்காது. அடகு வட்டி, சீட்டு, வெளிநாட்டுக் காசு இவற்றைக் கேட்டுப் பதியாதவர் யாழ்ப்பாணத்துச் சோலார் நிதி பற்றி எழுதுவது கடினம்.

கிலோவாட்டும் கிலோவாட் மணியும்

பொருளியலாளர்கள் பொறியியலைத் தள்ளிவைப்பது எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். யாழ்ப்பாணத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு கலப்புமின் திட்டத்தை எடுங்கள். சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பற்றரி 2,400 கிலோவாட் மணி, காத்திருப்பு டீசல் 2,500 கிலோவாட். இந்த நான்கையும் கூட்டி ஒரு "மொத்தக் கொள்ளளவு" எழுதிய வரைவு என் மேசைக்கு வந்தது. கிலோவாட் என்பது குழாயின் அகலம். கிலோவாட் மணி என்பது தொட்டியில் நிற்கும் தண்ணீர். இரண்டையும் கூட்ட முடியாது. டீசலோ மற்றது நிற்கும்போது ஓடுவதற்காக வைத்தது.

அதே திட்டத்துக்கு இந்தியா கொடுக்கும் 11 மில்லியன் டொலர் நன்கொடையைக் கிலோவாட்டால் பிரித்து, "தீவில் சோலார் இவ்வளவு விலை" என்று எழுதுவதும் தவறு. அந்தக் காசுக்குள் பற்றரி இருக்கிறது, டீசல் இருக்கிறது, கடலால் ஏற்றி இறக்கும் செலவு இருக்கிறது. அது நன்கொடை என்பதால் வட்டியும் இல்லை. இதே மூன்று தீவுகளின் திட்டம் 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது, வேலை நின்றது, பிறகு இந்திய நன்கொடையாக மாறியது. அந்த வருடங்கள் முழுக்கத் தீவுகளில் டீசல் எரிந்தது. யார் காசு தருகிறார்கள் என்பதும், அதனால் எத்தனை வருடம் பிந்துகிறது என்பதும் நிதி ஆய்வுக்குள் வர வேண்டிய விடயங்கள்.

நேரத்தையும் மறக்கக்கூடாது. எங்கள் உச்சத்தேவை மாலை ஆறரைக்குப் பிறகு. சோலார் நிறையத் தருவது நண்பகலில். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்து, கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. வருடத்துக்கு 1,400 அலகு என்று மேலே போட்டேனே, அதில் எத்தனை அலகை வலைப்பின்னல் உண்மையில் எடுத்துக்கொள்ளும் என்பது தனிக் கேள்வி. கிளிநொச்சியில் எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய் ஒரு மின் பொறியியலாளரிடம் கேட்டுவிட்டு அன்றே திரும்பி வரலாம்.

தொழில் வாழ்க்கை பற்றிச் சுருக்கமாக. இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு டொலரில் கட்டணம் கேட்கும் ஆய்விதழுக்குக் கொடுக்காதீர்கள். பதவி உயர்வுப் புள்ளிக்காகக் கொடுத்த கட்டுரை பத்து வருடம் கழித்தும் உங்கள் பெயரோடு நிற்கும். ஒரு கம்பனிக்கு ஆலோசனை செய்து காசு வாங்கினால் கட்டுரையில் அதை எழுதுங்கள். சின்னத் தொகை என்றாலும் எழுதுங்கள். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்கள் அங்குள்ள பேராசிரியரின் கேள்வியையே காவிக்கொண்டு திரும்பிவருவதைப் பார்த்திருக்கிறேன். முறையை அங்கே படியுங்கள், கேள்வியை இங்கிருந்து கொண்டுபோங்கள். கண்டுபிடித்ததைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, விபரம் தந்த சனங்களுக்கும் கொடுங்கள்.

கேள்வி எங்கிருந்து வரும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கோப்பாய்ப் பக்கம் வெங்காயத் தோட்டம் ஒன்றில் சோலார் பம்பி ஓடிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய்க் காசு மிச்சம்தானே ஐயா என்று கேட்டேன். தோட்டக்காரர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "மெஷின் எண்டா ஒவ்வொரு இறைப்புக்கும் காசு கண்ணுக்குத் தெரியும், சேர். இது வெயில் எறிக்கும்வரைக்கும் ஓடும். நிப்பாட்ட மனம் வராது." யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள், உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கும் நன்னீர்தான் எல்லோருக்கும். இறைப்புச் செலவு பூச்சியமானால் அந்தப் படைக்கு என்ன நடக்கும்? கடன் மானியம் கொடுத்துப் பம்பி வழங்கும் திட்டங்களின் வரவுசெலவுக் கணக்கில் கிணற்றுக்கு ஒரு வரி உண்டா?

அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். பழைய ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டாள். இப்போது முதுமாணிக்காகப் பன்னிரண்டு கிணறுகளுக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஸ்கூட்டியில் போய், நாடாவில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர்மட்டம் பார்க்கிறாள். அவளுடைய எக்செல் தாளில் முதல் நிரல் தண்ணீர்மட்டம், இரண்டாவது பம்பி ஓடிய மணித்தியாலம், மூன்றாவது பம்பிக்குக் காசு யார் தந்தது.