நீட் மறுபடி எழுதப் போகிறீர்களா? முதலில் போன வருஷ ஓஎம்ஆரை எடுங்கள்

இந்த நீட் ரேங்க்குக்கு மருத்துவ சீட் வராது என்று தெரிந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அடுத்த வாரமே ஒரு கோச்சிங் சென்டரில் பணத்தைக் கட்டிவிட்டு, இயற்பியல் முதல் பாடத்தின் முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பது. நானும் அதைத்தான் செய்தேன். அக்டோபர் வரை அப்படியே ஓடியது. தெரிந்த பாடங்கள் இன்னும் நன்றாகத் தெரிந்தன, தெரியாத பாடங்கள் தெரியாமலே இருந்தன, அந்த மாத டெஸ்ட்டில் மார்க் மே மாதம் விட்ட இடத்திலேயே நின்றது. அன்றைக்கு ராத்திரிதான் போன வருஷக் கேள்வித்தாளை பீரோவிலிருந்து எடுத்தேன். இரண்டாவது முறை எழுதித்தான் உள்ளே வந்தேன், இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன். ஒவ்வொரு ஜூன் மாதமும் ஊரிலிருந்து யாராவது ஒரு தம்பியோ தங்கையோ போன் செய்து கேட்பதால், நான் அக்டோபரில் செய்ததை நீங்கள் ஜூனிலேயே செய்ய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

தேர்வு முடிந்த பிறகு, அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமையான என்டிஏ, உங்கள் ஓஎம்ஆர் தாளின் (விடைக்கான வட்டங்களைப் பேனாவில் நிரப்பும் தாள்) ஸ்கேன் படத்தையும், நீங்கள் எதை ஷேட் செய்தீர்கள் என்ற பட்டியலையும் தருகிறது. அதை வந்தவுடனே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் தளத்தில் இருக்காது. அதையும் கேள்வித்தாளையும் இறுதி விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு காரணம் எழுதுங்கள். பாடமே படிக்கவில்லையா, படித்தது மறந்துவிட்டதா, தெரிந்தும் கணக்கில் தப்பினோமா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, நேரம் இல்லாமல் குருட்டாம்போக்கில் அடித்ததா. இந்த ஐந்துக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

எனக்கு வந்தது ஒன்று சொல்கிறேன். வெப்ப இயக்கவியலில் ஒரு கணக்கு, அழுத்தம் அட்மாஸ்பியரில், கன அளவு லிட்டரில். பெருக்கினேன், வந்த எண்ணும் ஆப்ஷனில் இருந்தது, ஷேட் செய்துவிட்டேன். கேட்டது ஜூலில். ஒரு லிட்டர் அட்மாஸ்பியர் என்பது 101.3 ஜூல் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்தப் பாடத்தை மறுபடி நாலு முறை படித்திருந்தாலும் இந்தத் தப்பு போயிருக்காது, ஏனென்றால் அது பாடத்தில் இல்லை, கேள்வியின் கடைசி வார்த்தையைப் படிக்காத என் பழக்கத்தில் இருந்தது. அதன் பிறகு எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் முதலில் அலகைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன், உயிரியலில் ‘தவறானது எது’ என்று வந்தால் ‘தவறானது’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டேன். இரண்டு மாதத்தில் கை தானாகவே செய்ய ஆரம்பித்துவிட்டது.

இதனால் எவ்வளவு மார்க் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும், ஆக 720. ஒருவர் 165 கேள்வி எழுதி 120 சரி, 45 தப்பு என்றால் 480-இல் 45 போய் 435. அந்த 45-இல் விடை தெரிந்தும் தப்பாக அடித்த 20 கேள்விகளைச் சரியாக்கினால், ஒவ்வொன்றுக்கும் கழிந்த 1 திரும்பி வந்து, புதிதாக 4 சேர்ந்து, மொத்தம் 100 மார்க் ஏறி 535 ஆகிவிடும். ஒரு புதுப் பாடம்கூடப் படிக்காமல்! அந்தக் குருட்டாம்போக்கு அடிகளில் 15-ஐ விட்டிருந்தாலே 15 மார்க் மிச்சம், கவுன்சலிங்கில் 15 மார்க் என்பது எத்தனை ரேங்க் என்று வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. ‘நான் 600 எடுத்தால் போதுமா அக்கா’ என்று கேட்கிறார்கள், அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. 2024-இல் முழு 720 எடுத்தவர்களே பலர் இருந்தார்கள், 2025-இல் இயற்பியல் கடினமாக வந்து நாட்டிலேயே அதிகபட்ச மார்க் 686-தான். பொதுப்பிரிவுக்குத் தகுதி மதிப்பெண்ணே 162-இலிருந்து 144-க்கு இறங்கியது. அதனால் சுவரில் ஒரு மார்க்கை ஒட்டி வைத்துக்கொண்டு அதை விரட்டாதீர்கள். ரேங்க்கைப் பாருங்கள், மாக் டெஸ்ட்டிலும் உங்கள் மார்க்கைவிட அந்த டெஸ்ட் எழுதியவர்களில் எத்தனையாவது இடம் என்பதைப் பாருங்கள். மார்க் குறைந்து இடம் முன்னேறியிருந்தால் அது நல்ல செய்தி.

பாடம் படிப்பது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. உயிரியலில் மட்டும் 90 கேள்வி, அதாவது பாதித் தேர்வு, அதனால் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தைப் படத்துக்குக் கீழே இருக்கும் வரி வரைக்கும் படியுங்கள். நம் மாநிலப் பாடப்புத்தகம் மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் அதில் இல்லாத வரியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ் வழியில் எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும், மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதுதான் இறுதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்துவைத்திருங்கள், கேள்வி புரியாவிட்டால் உடனே ஆங்கிலப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இயற்பியலை ஒருநாளும் விடாதீர்கள், தினமும் இருபது கணக்காவது. வேதியியலில் கனிம வேதியியலை டிசம்பருக்குத் தள்ளிவைக்காதீர்கள், எல்லோரும் தள்ளிவைப்பது அதைத்தான். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-ஐ எழுதச் சொன்ன முறை 2025-இல் போய்விட்டது, 180 கேள்வி 180 நிமிடம். பழைய கேள்வித்தாள்களை நேரம் வைத்துப் போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

மாக் டெஸ்ட்டை ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு எழுதுங்கள். காலையில் எழுதாதீர்கள். உண்மையான தேர்வு மே மாத வெயிலில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, 2-லிருந்து 5 வரை. அந்த நேரத்தில் தினமும் தூங்குகிற உடம்பு அன்றைக்கு மட்டும் விழித்துக்கொண்டிருக்காது. ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் கடையில் ஐம்பது எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு டெஸ்ட்டையும் கறுப்புப் பால்பாயின்ட் பேனாவில் ஷேட் செய்தே எழுதுங்கள். முதல் தடவை தேர்வில் நான் ஒரு கேள்வியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, அடுத்த கேள்வியின் விடையை அதன் வட்டத்தில் அடித்து, ஏழு கேள்வி தாண்டித்தான் கவனித்தேன். பேனாவில் அடித்ததை அழிக்க முடியாது. இரண்டாவது வருஷம் பக்கத்துக்கு ஒருமுறை கேள்வி எண்ணையும் வட்டத்தின் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தேன், மூன்று விநாடி வேலை. அப்புறம், ஒரு டெஸ்ட் எழுத மூன்று மணி நேரம் என்றால் அதைத் திருத்திப் பார்க்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். நேரமில்லை என்றால் டெஸ்ட்டைக் குறையுங்கள், திருத்துவதைக் குறைக்காதீர்கள்.

இந்த வருஷம் வேறு ஏதாவது படிப்பில் சேரலாமா என்பது வீட்டு நிலைமையைப் பொறுத்தது. முடிந்தால் முழு வருஷத்தையும் இதற்கே கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. பக்கத்துக் கலைக் கல்லூரியில் சேர்ந்துகொண்டு எழுதுவதும் தப்பில்லை, ஆனால் சேரும்போதே டிசியும் ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அவர்களிடம் போய்விடும், நடுவில் விலகினால் எப்போது திருப்பித் தருவார்கள், முழுப் பணமும் கேட்பார்களா என்பதைச் சேரும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கவுன்சலிங்கின் பிந்தைய சுற்றுகளில் ‘கிடைத்ததை எடுத்துவைப்போம்’ என்று சீட் வாங்கிவிட்டு விடுவது அதைவிட ஆபத்து. வைப்புத்தொகை போவதிலிருந்து அடுத்த வருஷத் தேர்வுக்கே தடை வரைக்கும் விதி இருக்கிறது, அந்த வருஷத்துக் கையேட்டைப் படிக்காமல் பட்டனை அழுத்தாதீர்கள்.

பிளஸ் டூ மார்க்கை உயர்த்த மறுபடி எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி கிடைத்துவிடும். 2017-லிருந்து தமிழ்நாட்டிலும் ரேங்க் போடுவது நீட் மார்க்கை வைத்துத்தான். அதனால் தகுதி இருந்தால் அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், 2022-லிருந்து அதிகபட்ச வயது வரம்பும் இல்லை, ‘வயசாகிடுச்சே’ என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு விதி தெரியவில்லை என்று அர்த்தம்.

இனி எல்லோரும் கடைசி வாரத்துக்கு விடுகிற வேலை, சான்றிதழ். மார்க் இருந்தும் ஒரு காகிதம் இல்லாமல் தாசில்தார் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே ஒரு ஃபைல் போடுங்கள். முதலில் பெயர். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும், சாதிச் சான்றிதழில் மூன்றாவதாக ஓர் எழுத்துக்கூட்டல் இருக்கும். எல்லாவற்றையும் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டுக்குப் பொருந்தும்படி திருத்துங்கள், ஆதாரில் உங்கள் போன் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து சாதிச் சான்றிதழ், நேட்டிவிட்டி, வருமானச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்று. எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று போய்வரும், ரிசல்ட் சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால்தான் தாமதமாகிறது.

பிசி, எம்பிசி பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று: மாநிலச் சாதிச் சான்றிதழ் மாநிலக் கவுன்சலிங்குக்குத்தான். அரசுக் கல்லூரிகளில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு, அதில் ஓபிசிக்கு 27 சதவீதம், அதைப் பெற மத்திய அரசு படிவத்தில் கிரீமி லேயர் (ஓபிசியில் வசதி மிகுந்த பிரிவு) இல்லை என்ற ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். நீட் விண்ணப்பத்தில் பிரிவு கேட்கும் இடத்தில் இதை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ரிப்பீட்டர்களுக்கும் உண்டு. இடையில் பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரிடமும் படித்ததற்கான சான்று வாங்க வேண்டும், மே மாத விடுமுறையில் பள்ளி பூட்டியிருக்கும்.

விண்ணப்பம் 2024, 2025 இரண்டு வருஷமும் பிப்ரவரியில்தான் திறந்தது. பிரவுசிங் சென்டரில் போடுங்கள், தப்பில்லை, ஆனால் அவர்கள் போன் நம்பரையும் இமெயிலையும் போட விடாதீர்கள். அட்மிட் கார்டிலிருந்து ஓஎம்ஆர் படம் வரை எல்லாம் அங்கேதான் வரும், ஜூலையில் ஓடிபிக்காக அந்தக் கடையைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

நடுவில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் ஒரு கட்டம் வரும். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் படங்களைப் போடுவார்கள், கல்யாண வீட்டில் ‘இன்னும் வீட்டுலதான் இருக்கியா’ என்று கேட்பார்கள், டெஸ்ட் மார்க்கும் அந்த நேரத்தில்தான் அசையாமல் நிற்கும். எனக்கு அந்த மாதம் புத்தகத்தைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கும். அம்மாவிடம் சொன்னேன், ‘ஒரு வாரம் மாடிக்குப் போகாத, கீழ என்கூட உட்கார்ந்து படி’ என்றார். அவர் காய் நறுக்க, நான் படித்தேன். தனியாக அடைந்து கிடக்காதீர்கள், ராத்திரித் தூக்கத்தை வெட்டாதீர்கள். மனசு ரொம்பக் கனத்தால் தமிழ்நாட்டில் 104-க்கு, எந்த ஊரிலிருந்தும் டெலிமனஸ் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள், காது கொடுத்துக் கேட்க அங்கே ஆள் இருக்கிறார்கள். பெற்றோர் இதைப் படித்தால் ஒன்று: தினமும் மார்க் கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

ரிசல்ட் வந்த பிறகு மாநிலக் கவுன்சலிங், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான எம்சிசி கவுன்சலிங் இரண்டுக்கும் பதிவு செய்யுங்கள். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எந்த ரேங்க் வரை சீட் போனது என்ற பட்டியலை இறக்கி, உங்கள் பிரிவை மட்டும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை எழுதுகிறவர்களைவிட இதற்கு உங்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாக இருக்கிறது. ஆனால் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது அந்த நோட்டைப் பார்த்து ‘இது எனக்கு வராது’ என்று எந்தக் கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பிடித்த வரிசையில் மேலிருந்து கீழே போடுங்கள். கணினி உங்கள் ரேங்க்குக்கு மேலிருந்துதான் தேடிப் பார்க்கும், வராத கல்லூரியை மேலே போட்டதால் கீழே இருப்பது கை நழுவாது. பட்டியலை லாக் செய்ததும் அதை அச்செடுத்து அதே ஃபைலில் வையுங்கள்.